வட்டத்துல யாருக்கு இடம்: நீலகிரியில கூடி வாசிக்கிறதும் கூடி ஆடுறதும்

கோத்தகிரி பக்கம் ஜூலை மாசத்துல பறை வாசிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், பாதி நேரம் அது சத்தமே போடாது. மிஸ்ட் இறங்கிருச்சுன்னா தோலு ஈரத்தை இழுத்துக்கிட்டுத் தளர்ந்து போயிரும், அடிச்சா நனைஞ்ச சாக்கை அடிச்ச மாதிரி தொப் தொப்புன்னுதான் கேக்கும். அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹாலுக்கு வெளிய பழைய பேப்பர், காஞ்ச சீகைக் குச்சி எல்லாம் போட்டு நெருப்பு மூட்டி பறையைக் காய்ச்சணும். காய்ச்சறதுக்கும் ஒரு பக்குவம் இருக்கு, ரொம்பக் கிட்ட காட்டுனா தோலு கருகிரும், தூரமா புடிச்சா ஏறவே ஏறாது, மெதுவா சுத்திச் சுத்திக் காட்டி நடுநடுவுல விரலால சுண்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும், டிங்குனு ஒரு சத்தம் வரும் பாருங்க, அப்ப எடுத்துரணும்.

நான் போற ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல இந்த வேலைய முன்ன நின்னு பாக்கறது எஸ்டேட் தொழிலாளிங்க வரிசையா குடியிருக்கற லைன் வீட்டுல இருந்து வர்ற ஒரு அம்மாயி. சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல பொறந்து சின்ன வயசுல அப்பா அம்மாவோட இங்க வந்தவங்க. அவங்க அப்பா அங்க தப்பு, அதாவது பறை, அடிச்சவராம், ஆனா பொம்பளப் புள்ள தொடக்கூடாதுன்னு அவங்க கையில ஒரு நாளும் குடுத்ததில்லையாம். இப்ப நெருப்புக்கிட்ட குத்த வெச்சு உக்காந்துக்கிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் திருப்பு, ஓரம் இன்னும் ஏறல"ன்னு எல்லாரையும் வேலை வாங்கறாங்க. சுத்தி யாரு யாரு நிக்கறாங்கன்னு பாத்தா, பக்கத்து ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல இருந்து காலேஜ் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க, ஒரு இருளர் பையன், டவுன் சிண்ட்ரோம் இருக்கற ஒரு தம்பியும் அவங்க அம்மாவும், காது கேக்காத ஒரு ஆறாங்கிளாஸ் பாப்பா, எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்டுல இருந்து வந்திருக்கற ஒரு குடும்பம். குளிருக்கு எல்லாரும் கைய நீட்டி நெருப்பைச் சுத்தி நின்னாச்சு. இன்னும் ஒரு அடி கூட அடிக்கல, ஆனா வட்டம் வந்திருச்சு. நான் மூணு வருஷமா போறேன், சொல்லிக்குடுக்கற ஆள் இல்ல நான், பாய் விரிக்கறது, டீ போடறது, புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து திரும்ப விடறது இதுதான் என் வேலை. அப்படி ஓரமா இருந்து பாத்ததுல புரிஞ்சதையும், இது சம்பந்தமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேத்து இங்க எழுதறேன், ஏன்னா நம்ம மலையில இப்ப இந்த மாதிரி குழுக்கள் அங்கங்க ஆரம்பிக்கறாங்க, நல்ல விஷயம், ஆனா எது உண்மையிலயே எல்லாரையும் சேத்துக்குது, எது சேத்துக்கற மாதிரி போட்டோ மட்டும் எடுக்குதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும்.

முதல்ல இதுக்கு என்ன பேருன்னு சொல்லிடறேன். வெளிநாட்டுல இதை கம்யூனிட்டி மியூசிக், கம்யூனிட்டி டான்ஸ்னு சொல்றாங்க, நாம சமூக இசைன்னு வெச்சுக்கலாம். கச்சேரி மாதிரி பாடறவங்க ஒரு பக்கம் கேக்கறவங்க ஒரு பக்கம்னு கிடையாது, பாட்டு வகுப்பு மாதிரி அடுத்த கிரேடுக்குப் போகணும்னும் கிடையாது. வந்த எல்லாரும் வாசிக்கணும் இல்ல ஆடணும், யாருக்கும் ஆடிஷன் இல்ல, தெரியாதவங்களும் முதல் நாளே உள்ள வரணும், சேந்து எதாவது ஒண்ணு உண்டாக்கணும், அவ்வளவுதான். பிரிட்டன்ல 1960, 70-கள்ல இது ஒரு இயக்கமா வளந்துச்சு, உலக இசைக்கல்வி அமைப்பு 1982-ல இதுக்குன்னே ஒரு தனிக் குழு போட்டாங்க. வெனிசுலாவுல 1975-ல ஹோசே அந்தோனியோ ஆப்ரேயு ஆரம்பிச்ச எல் சிஸ்டமா ஏழைப் புள்ளைங்க லட்சக்கணக்குல பேரு கையில வயலினும் டிரம்பெட்டும் குடுத்துச்சு. லண்டன்ல 1991-ல செலஸ்ட் டான்டேக்கரும் ஆடம் பெஞ்சமினும் சேந்து ஆரம்பிச்ச கேன்டூக்கோ குழுவுல வீல்சேர்ல இருக்கறவங்களும் நடக்கறவங்களும் ஒண்ணா ஆடறாங்க, டான்டேக்கரே மேடையில அடிபட்டு நடக்க முடியாமப் போன டான்ஸர்தான்.

எல் சிஸ்டமா பத்தி எல்லாரும் புகழ்ந்துதான் பேசுவாங்க, ஆனா அதை நேர்ல போய் ஆராய்ச்சி பண்ண சில பேரு ஒரு நியாயமான கேள்வி கேட்டாங்க: நூறு புள்ளைங்க உக்காந்து ஒரே ஒரு கண்டக்டரோட கை அசைவுக்கு வாசிக்கறப்ப அங்க புள்ளைங்களோட கற்பனைக்கு இடம் எங்க இருக்கு? எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் புடிச்சது. கையில கருவி குடுத்தா மட்டும் போதாது, என்ன வாசிக்கறதுன்னு முடிவு பண்றது யாரு, எப்ப நிறுத்தறதுன்னு சொல்றது யாரு, அதையும் பாக்கணும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சுத்திச் சுத்தி வரப்போறதும் அதே விஷயத்தைத்தான்.

நம்ம மலைக்கு வந்தா, இங்க இருக்கற ஆட்டம் முக்காவாசி வட்டமாத்தான் இருக்கு. தோடர்கள் குடியிருக்கற மந்துல ஆம்பளைங்க தோளோட தோள் ஒட்டி வட்டமா நின்னு ஒரே குரல்ல ஒலி எழுப்பிக்கிட்டு காலடி வெப்பாங்க. கோத்தர்கள் வருஷா வருஷம் குளிர் காலத்துல கம்பட்டராயர் திருவிழா கொண்டாடறப்ப நெருப்பைச் சுத்தி ஆம்பளைங்க தனியா பொம்பளைங்க தனியா ஆடுவாங்க. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர் பெண்கள் ஆடறதுக்குப் பேரே வட்டக்களி, நடுவுல துடிங்கற சின்ன மேளமும் குழலும். இருளர்களுக்கு மேளம், குழல், ஜால்ரா வெச்ச ஆட்டம் இருக்கு. படுகர்களோட ஆட்டம் நீலகிரிக்கு வந்த யாருக்கும் தெரியும், வெள்ளைத் துணி போத்திக்கிட்டு ஹெத்தையம்மன் திருவிழாவுல ஆயிரக்கணக்குல சேந்து ஆடறதைப் பாக்கணும். சிலோன்ல இருந்து வந்தவங்க காமன் கூத்தையும் தப்பையும் கொண்டு வந்தாங்க. 1964-ல சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கறதா முடிவாச்சு, அப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கறதுக்காகத்தான் அரசாங்கம் டான்டீங்கற அரசுத் தேயிலைத் தோட்டங்களையே போட்டுச்சு, அதனாலதான் கூடலூர், குன்னூர், கோத்தகிரி லைன் வீடுங்கள்ல இன்னைக்கும் கண்டிப் பக்கத்து மெட்டு கேக்குது.

இவ்வளவு சின்ன ஜில்லாவுல இவ்வளவு வகை. தமிழ்நாட்டுல தொன்மைப் பழங்குடிகள்னு அரசாங்கம் பட்டியல் போட்ட ஆறு சமூகமும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், ஆறு பேருமே நீலகிரியில இருக்காங்க. அப்ப எல்லாரும் கூடி ஆடற மலைன்னு முடிச்சிரலாமான்னா, முடியாது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வெளிப்பக்கம் உண்டு. யார் ஆடறாங்க, யாருக்காக யார் வாசிக்கறாங்கன்னு பாத்தா கதை வேற மாதிரி போகுது.

கோத்தர்களையே எடுத்துக்கங்க. இரும்பு வேலை, மண்பானை, மர வேலை எல்லாத்துலயும் கைதேர்ந்தவங்க, அதோட இந்த மலைக்கே வாத்தியக்காரங்க. கொள்னு அவங்க சொல்றது ஊதற வாத்தியத்துக்கும் பேரு, அதுல வாசிக்கற மெட்டுக்கும் பேரு. அது கூட கொம்பு, தோல் மேளங்கள் சேரும். தோடர் வீட்டுச் சாவுக்கும் படுகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர்கள் வந்து வாசிக்கணும்கறது பல தலைமுறை நடைமுறை, அதுக்குப் பதிலா தானியம், நெய், மத்த பொருள்னு குடுப்பாங்க. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு இது அழகான கொடுக்கல் வாங்கலாத் தெரியும், ஆனா உள்ள ஒரு மேடு பள்ளம் இருந்துச்சு, சாவுக்கு வாசிக்கறவன்கற ஒரு பார்வை இருந்துச்சு. 1930-கள்ல படுகர்கள்ல சீர்திருத்தம் பேசினவங்க சாவுக்கு இந்த வாத்தியமே வேண்டாம்னாங்க, வேணும்னு ஒரு பக்கம் வேண்டாம்னு ஒரு பக்கம், அதுக்காகப் பெரிய சண்டையே வந்திருக்கு. கோத்தர்கள்லயும் படிச்சவங்க, இனிமே நாம அடுத்தவங்களுக்குப் போய் வாசிக்கக் கூடாதுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா அந்த வழக்கம் நின்னு போச்சு.

நின்னதும் இசை அழிஞ்சிருக்கணும்னுதானே நெனப்போம்? அழியல. அவங்க சாமிக்கு, அவங்க வீட்டுச் சாவுக்கு, அவங்க ஆட்டத்துக்குன்னு அதைத் தங்களுக்குள்ள வெச்சுக்கிட்டாங்க, இன்னைக்கும் கோக்கால்கள்ல, அதாவது கோத்தர் ஊர்கள்ல, சின்னப் பசங்க கொள் ஊதக் கத்துக்கறாங்க. அடுத்தவங்களுக்கு வாசிக்க மாட்டோம்னு சொன்னதும் ஒரு உரிமைதான்கறது எனக்கு இதுல இருந்துதான் உறைச்சது. எல்லாரையும் சேத்துக்கறோம்னு நல்ல மனசோட வர்றவங்க முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும். இன்னொண்ணு, கோத்தர்கள்ட்ட சாமிக்கு வாசிக்கற கொள் தனி, சாவுக்கு வாசிக்கற கொள் தனி, ஒண்ணை இன்னொரு எடத்துல வாசிக்கக் கூடாது. "உங்க டிரெடிஷனல் மியூசிக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க"ன்னு ஒரு வொர்க்‌ஷாப்புல சாதாரணமா கேட்டுருவாங்க, கேக்கறவங்களுக்கு அது ஒரு டியூன், குடுக்கறவங்களுக்கு அது யாரோ செத்தப்ப வாசிச்சது. எதைக் குடுக்கலாம், எதை வீட்டோட வெச்சுக்கலாம்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.

பணியர்களோட கம்பளம்கற நடவுக் கொண்டாட்டத்தோட கதையும் இதே ரகம்தான். நாத்து நடவுக்கு துடி அடிப்பாங்க, குழல் ஊதுவாங்க, அந்தத் தாளத்துக்கு வரிசையா நடவு நடக்கும். பாக்கறதுக்குக் கொண்டாட்டம், ஆனா அந்த வயலு அவங்களோடது இல்ல, தாளம் வேகம் கூடக் கூட வேலையும் வேகம் கூடும், லாபம் வயலுக்காரருக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லதான் வந்துச்சு. எஸ்டேட்டுலயும் தப்புக்கு இப்படி ஒரு வேலை இருந்திருக்கு, விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற எடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பாங்கன்னு அம்மாயி சொல்லியிருக்காங்க. "அந்தச் சத்தம் கேட்டா வயித்துல புளியைக் கரைக்கும் தம்பி, லேட்டானா அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான்"னாங்க. அதே தப்பை இப்ப சிரிச்சுக்கிட்டே காய்ச்சறாங்க. வாத்தியம் மாறல. யாரு சொல்லி அடிக்கறாங்கங்கறதுதான் மாறியிருக்கு.

பறைக்கு இந்த மாத்தம் எப்படி வந்துச்சுன்னு பாக்கணும்னா மலையை விட்டு இறங்கி திண்டுக்கல்லுக்குப் போகணும், பழனி மலைக்கு அடிவாரம். சாவுக்கு அடிக்கறது, ஒரு சாதிக்காரங்க மட்டும் அடிக்கறது, அதுலயும் ஆம்பளைங்க மட்டும் அடிக்கறதுன்னு இருந்த வாத்தியத்தை அங்க சிஸ்டர் சந்திரா ஆரம்பிச்ச சக்தி நாட்டுப்புறக் கலை மையம் தலித் பொண்ணுங்க கையில குடுத்துச்சு. பாதியில படிப்பு நின்ன பொண்ணுங்க அங்க தங்கி பறை, ஆட்டம், கூடவே தையல், படிப்புன்னு கத்துக்கிட்டாங்க. தோள்ல பறையை மாட்டிக்கிட்டு குதிச்சு ஆடற அந்தப் பொண்ணுங்களைப் பாத்த ஊருக்கு, பறைன்னா என்ன, பொண்ணுன்னா என்னன்னு ரெண்டு கணக்கும் ஒரே நேரத்துல தப்பாப் போச்சு. இன்னைக்கு மெட்ராஸ்ல ஐடி கம்பெனிப் பசங்க கூட வீக்கெண்டுல பறை கத்துக்கறாங்க, 2025-ல மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. சந்தோஷம்தான், ஆனா காலங்காலமா அடிச்ச குடும்பத்துக்குப் பிழைப்பும் மரியாதையும் வராம, வாத்தியம் மட்டும் ஃபேஷன் ஆச்சுன்னா அது பாதி வேலைதான்.

கீழ கோயமுத்தூர்ல பத்ரப்பன் ஐயா வள்ளி ஒயில் கும்மியில வழக்கத்தை மீறி பொண்ணுங்களுக்கும் சொல்லிக்குடுத்தவர், 2024-ல பத்மஸ்ரீ, அப்ப அவருக்கு வயசு 87. இந்தப் பக்கம் மஞ்சூர் கெத்தை வழியா முள்ளி தாண்டுனா அட்டப்பாடி, அங்க இருக்கற இருளர் பாட்டி நஞ்சியம்மாவுக்கு 2022-ல அறிவிச்ச 68-வது தேசியத் திரைப்பட விருதுல சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைச்சுது. உடனே சுருதி சேந்து பாடத் தெரியாதவங்களுக்கு எப்படிக் குடுக்கலாம்னு ஒரு பேச்சு கிளம்புச்சு, பதிலுக்கு நிறைய இசைக்கலைஞர்கள் அவங்க பக்கம் நின்னாங்க. ஆடு மேய்ச்சுக்கிட்டே பாடின குரலை ஆர்மோனியக் கட்டையில வெச்சு அளக்கறது என்ன நியாயம்னு எனக்கு இன்னும் கோவம் வருது. ஸ்டேஜுல ஏத்துனாலும் உள்ள சேத்துக்க மாட்டேங்கற மனசு அந்த ஒரு விவாதத்துல அப்பட்டமா தெரிஞ்சது.

சீசன் டைம்ல ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்றவங்க பாக்கற டிரைபல் டான்ஸ் பத்தியும் சொல்லணும். கோடை விழாவுல மேடை போட்டு பழங்குடி ஆட்டம் வெப்பாங்க, விஐபி வந்தா வரவேற்புக்கு நிக்க வெப்பாங்க. ஆடறவங்களுக்கு அதுல வருமானம் இருக்கு, சில பேருக்குப் பெருமையும் இருக்கு, அதை நான் குறை சொல்லல. ஆனா மேடைக்கு ஏத்த மாதிரி ஆட்டம் மாறும், வட்டம் உடைஞ்சு பாதி வட்டமாகும், ஏன்னா கூட்டத்துக்கு முதுகு காட்டக் கூடாது. ராத்திரி முழுக்க மெதுவா சூடேறி வர்ற ஆட்டத்தை அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிக்கச் சொல்லுவாங்க. வயசானவங்க, நடக்க சிரமப்படறவங்க, கொஞ்சம் தாளம் தப்பறவங்க எல்லாம் லிஸ்ட்ல இருந்து கழண்டுருவாங்க. ஊருக்குள்ள ஆடறப்ப அவங்களுக்கும் வட்டத்துல ஒரு இடம் இருந்திருக்கும், கைய மட்டும் தட்டிக்கிட்டாவது நின்னுருப்பாங்க.

ஸ்கூல்லயும் இதே சிக்கல்தான். 2022-ல இருந்து அரசுப் பள்ளிகள்ல கலைத் திருவிழா நடத்தறாங்க, எத்தனையோ கிராமத்துப் புள்ளைங்களுக்கு முதல் மேடை அதுதான், நல்ல முயற்சி. ஆனா அது போட்டி, போட்டின்னா வட்டார அளவுக்கு ஜெயிக்கற டீமைத்தான் டீச்சர் தயார் பண்ணுவாங்க, மெதுவாக் கத்துக்கற புள்ளை கைதட்டற கூட்டத்துலதான் உக்காரும். போட்டியும் இருக்கட்டும், ஜெயிக்கத் தேவையில்லாத ஒரு மணி நேரமும் வாரத்துல இருக்கட்டும்னுதான் கேக்கறேன்.

சரி, அப்ப எல்லாரையும் ஒரே தாளத்துக்குள்ள கொண்டு வர்றது எப்படி நடக்குது? இதுல மாயம் ஒண்ணும் இல்ல, திரும்பத் திரும்ப வர்ற சுத்துதான் காரணம். நாலு எண்ணிக்கையில ஒரு சுத்து ஓடிக்கிட்டே இருக்குன்னு வைங்க, ஒருத்தர் முதல் எண்ணிக்கையில மட்டும் ஒத்தையடி அடிச்சாப் போதும், இன்னொருத்தர் சிண்டுக்குச்சியால, அதாவது பறை அடிக்கற ரெண்டு குச்சியில ஒண்ணால, நடுவுல நெரப்பலாம், தெரிஞ்சவங்க மேல உருட்டலாம், ஆடறவங்க ஆடலாம், ஒண்ணுமே வேணாம்கறவங்க தலைய ஆட்டலாம். எல்லாமே அந்த இசையோட பாகம்தான். தப்பு விட்டாலும் அடுத்த சுத்து வரும், ஏறிக்கலாம். டவுன் சிண்ட்ரோம் இருக்கற நம்ம தம்பிக்கு முதல் எண்ணிக்கைதான் பொறுப்பு, அவன் அடிக்கலன்னா மொத்தக் கூட்டமும் ஆரம்பிக்காது, எல்லாரும் அவன் கையவே பாத்துக்கிட்டு நிப்பாங்க, அவன் அதை நல்லாப் புரிஞ்சுக்கிட்டான், சில நாள் வேணும்னே ரெண்டு செகண்டு தாமதிச்சு எல்லாரையும் ஒரு தடவ பாத்துச் சிரிச்சுட்டு அப்பறம்தான் அடிப்பான். மொழியும் இங்க தடை இல்ல, வாயாலயே டங்கு டக்குன்னு தாளத்தைச் சொல்லிட்டு அப்பறம் கையில எடுக்கறதால ஹிந்தி மட்டும் தெரிஞ்ச அந்த ஜார்க்கண்ட் அக்காவுக்கும் முதல் நாளே புரிஞ்சுது. அவங்க ஊர்லயும் மாந்தர்னு ஒரு மேளம் வெச்சு வரிசையாக் கை கோத்து ஆடுவாங்களாம், அவங்க ஒரு காலடி சொல்லிக்குடுத்தாங்க, ஹட்டிப் பொண்ணுங்க ரெண்டே நிமிஷத்துல புடிச்சுக்கிட்டாங்க.

காது கேக்காத பாப்பா விஷயம்தான் எனக்கு நிறைய கத்துக்குடுத்துச்சு. கேக்காதவங்களுக்கு இசை எதுக்குன்னு கேக்கறவங்க நிறைய பேரு, ஆனா அதிர்வு உடம்புக்குத் தெரியும், அதுலயும் அடித்தொனி நல்லாவே தெரியும். முதல்ல நாங்க பக்கத்துல இருந்த புது சிமெண்டு ஹால்லதான் கூடினோம், அங்க அவளுக்கு ஒண்ணும் புடிபடல, மத்தவங்க கையப் பாத்து ஒரு அடி பிந்திப் பிந்தி அடிச்சுட்டு சலிச்சுப் போய் உக்காந்துருவா. அப்பறம் பழைய வெள்ளைக்காரங்க காலத்துக் கட்டடம் ஒண்ணுக்கு மாறினோம், கீழ பலகைத் தரை. செருப்பைக் கழட்டிட்டு வெறுங்கால்ல நின்னதும் அவ மூஞ்சியே மாறிருச்சு, குனிஞ்சு தரையைத் தொட்டுப் பாத்தா, அப்பறம் என்னைப் பாத்தா. சிமெண்டுத் தரை அதிர்வை அவ்வளவா காலுக்குக் கடத்தாது, பலகை நல்லாக் கடத்தும், இவ்வளவுதான் சங்கதி, மூணு மாசம் அதை யோசிக்காம விட்டுட்டோம். இப்ப ஊதுன பலூனை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டும் நிப்பா, அதுல இன்னும் தெளிவாத் தெரியுதாம்.

ஆனா ஒருத்தருக்கு வசதியானது இன்னொருத்தருக்கு வேதனையா இருக்கலாம். ஆட்டிசம் இருக்கற ஒரு பையன் வந்தான், பறைச் சத்தம் அவனால தாங்க முடியல, காதைப் பொத்திக்கிட்டு அழுதுட்டான். பாப்பாவுக்கு சத்தம் பெருசா வேணும், இவனுக்கு சத்தமே ஆகாது. இது புக்குல படிக்கற இன்க்ளூஷன்ல வராத எடம். கடைசில அவங்க அம்மாவே ஒரு வழி சொன்னாங்க, அவன் ஹாலுக்கு வெளிய தாழ்வாரத்துல ஜன்னல் பக்கத்துல உக்காரட்டும், காதுக்கு ஹெட்போன் மாட்டிக்கட்டும், கையில பட்டாணி போட்ட டப்பா இருக்கட்டும், உள்ள வரணும்னு யாரும் கூப்பிட வேணாம்னு. மொதல்ல எனக்கு அது ஒதுக்கி வெக்கற மாதிரி சங்கடமா இருந்துச்சு. இப்ப அப்படித் தோணல, ஏன்னா கதவு தொறந்தே இருக்கு, அவன் ஆறு வாரம் வெளிய உக்காந்து டப்பாவைக் குலுக்கிட்டு ஏழாவது வாரம் தானா உள்ள வந்து ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போனான். எவ்வளவு தூரத்துல நிக்கறதுங்கறதை அவன்தான் முடிவு பண்ணான்.

சட்டத்துலயும் இதுக்கு இடம் இருக்குங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல 29-வது பிரிவு கலை, பண்பாடு, பொழுதுபோக்கு பத்தித்தான் பேசுது, மத்தவங்களுக்குச் சமமா அவங்க அதுல பங்கெடுக்க வழி பண்ணணும்னு அரசாங்கத்துக்குச் சொல்லுது. ஐ.நா. 2006-ல கொண்டு வந்த உடன்படிக்கையில 30-வது பிரிவு இன்னும் ஒரு படி மேல போய், அவங்களோட படைப்புத் திறமை வளர்றது அவங்க நன்மைக்காக மட்டும் இல்ல, சமுதாயம் வளமாகறதுக்கும்தான்னு சொல்லுது. எனக்கு அந்த வரி முக்கியம். பாவம் இந்தப் புள்ளைங்க சந்தோஷமா இருக்கட்டும்னு நெனச்சு நடத்தறதுக்கும், இவங்க குடுக்கறது நமக்கு வேணும்னு நெனச்சு நடத்தறதுக்கும் நடுவுல மலைக்கும் சமவெளிக்கும் இருக்கற தூரம் இருக்கு. உடம்புக்கும் மனசுக்கும் கலை நல்லது பண்ணுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல 3,000-க்கு மேல ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை விட்டுருக்காங்க, அதை நான் இங்க இழுக்கல, ஏன்னா மருந்துன்னு சொல்லி குடுத்தா யாருக்கும் ஆட வராது.

படைப்புன்னு சொன்னதும் தோடர்கள் ஞாபகம் வருது. எமெனோங்கற மொழியியல் அறிஞர் 1930-கள்ல இங்க வந்து அவங்க பாட்டுகளைப் பதிஞ்சாரு, அவர் ஆச்சரியப்பட்ட விஷயம் என்னன்னா அங்க பாட்டுக் கட்டறது தனியா ஒரு புலவரோட வேலை இல்ல, யாரு வேணாலும் கட்டுவாங்க, கல்யாணம், சாவு, எருமை, யாரோ வந்தது போனது எல்லாத்துக்கும் அப்பப்ப கட்டுவாங்க, வார்த்தைகள் ஜோடி ஜோடியா வரும். ரெண்டாயிரம் பேர் அளவுக்கு இருக்கற ஒரு சமூகத்துல அத்தனை பேரும் பாட்டுக்காரங்க! இதை எங்க கூட்டத்துல சொன்னப்ப ஒரு ஹட்டிப் பொண்ணு, அப்ப நாமளும் கட்டலாமேன்னுச்சு. தோடர் மெட்டை எடுக்க வேணாம், அது அவங்களோடது, ஜோடி ஜோடியா சொல்ற முறையை மட்டும் எடுத்துக்கலாம்னு பேசி முடிவாச்சு. ஒருத்தர் ஒரு வரி, பக்கத்துல இருக்கறவங்க அதுக்கு ஜோடி வரி. முதல் வரி "பஸ்ஸு வரல"ன்னு ஒரு பையன் ஆரம்பிச்சான், பக்கத்துல படுகர் பேச்சான படுகுல ஒரு வரி, அதுக்கு ஹிந்தியில ஒண்ணு, இருளர் பேச்சுல ஒண்ணு, பாப்பா சைகையில ஒரு வரி பண்ணா, எல்லாரும் அதைக் கையாலயே திருப்பிச் செஞ்சாங்க. கரடி வந்த பாட்டு, கேஸ் தீந்து போன பாட்டு எல்லாம் இப்ப இருக்கு. நோட்டுல எழுதி வெச்சிருக்கோம், சைகை வரியை மட்டும் எழுத முடியல, அவ படம் வரைஞ்சு குடுத்தா.

இப்படி ஒரு கூட்டம் நடக்காமப் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் மனசு இல்லாததால இல்ல, பஸ் இல்லாததால. தோட்ட வேலை முடிஞ்சு வர்றதுக்கே சாயங்காலம் ஆயிரும், அதனால ஞாயித்துக்கிழமைதான் முடியும், அன்னைக்கும் துணி துவைக்கணும், சந்தைக்குப் போகணும். அஞ்சு மணிக்கு மேல விட்டா காட்டுமாடு ரோட்டுல நிக்கும், கரடி பயம் வேற, அதனால நாலே முக்காலுக்கு எந்தப் பாட்டா இருந்தாலும் நிறுத்தியாகணும். வீல்சேர்ல இருக்கற ஒரு அண்ணனுக்கு வீட்டுல இருந்து ரோட்டுக்கு வரவே நாப்பது படி. அவரை ரெண்டு பேரு தூக்கிட்டு வர்றோம், ஒரு நாள் மழையில வழுக்கி மூணு பேரும் உக்காந்துட்டோம், நல்லவேளை அடி இல்ல. பட்ஜெட்டுல ஜீப்புக்குக் காசு போடாத எந்தத் திட்டமும் மலையில எல்லாரையும் சேத்துக்காதுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

காசு எங்க இருந்து வருதுங்கறதும் ஆட்டத்தோட வடிவத்தை மாத்தும். 2013 கம்பெனிச் சட்டத்துல பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்கு ஒதுக்கணும்னு இருக்கு, பாரம்பரியக் கலைகளை வளக்கறதும் அந்தப் பட்டியல்ல வருது. நல்லதுதான். ஆனா காசு குடுக்கறவங்களுக்கு வருஷக் கடைசியில கணக்கு வேணும், எத்தனை பேரு வந்தாங்க, போட்டோ எங்க, கிராண்ட் ஃபினாலே எப்ப. அந்த ஃபினாலே நெருங்க நெருங்க நடத்தறவங்களே தெரியாம கண்டக்டராயிருவாங்க. எங்களுக்கும் நடந்துச்சு. ஒரு விழாவுக்குக் கூப்பிட்டாங்க, ஒரு மாசம் பாட்டு உண்டாக்கறதை எல்லாம் விட்டுட்டு அந்த ஆறு நிமிஷத்தையே திருப்பித் திருப்பிப் பண்ணோம், தம்பி வேணும்னே தாமதிக்கறதைக் கூட நான்தான் நிறுத்தச் சொன்னேன், டைம் ஆகுதுன்னு. அங்க போனா மேடைக்கு ஏற படி மட்டும்தான், சரிவு இல்ல, முன்னாடியே ரெண்டு தடவ சொல்லியிருந்தோம். வீல்சேர் அண்ணன் கீழ நின்னு வாசிக்கட்டும்னாங்க. அம்மாயி உடனே, "அப்ப நாங்களும் கீழயே நிக்கறோம், மேல உங்க பூச்சட்டியை வெச்சுக்கங்க"ன்னு பறையைத் தூக்கிட்டு எறங்கிட்டாங்க. எல்லாரும் புல்தரையில வட்டமா நின்னு வாசிச்சோம், மைக் எட்டல, பின்னாடி இருந்தவங்களுக்கு ஒண்ணும் கேக்கல, ஆனா முன்னாடி உக்காந்திருந்த பத்துப் பதினஞ்சு பேரு எந்திரிச்சு வந்து வட்டத்துல சேந்துக்கிட்டாங்க. அன்னைக்குத் தம்பி மூணு செகண்டு தாமதிச்சான், நான் வாயைத் தொறக்கல.

இன்னும் தீராத ஒரு விஷயம் பறையை எங்க வெக்கறதுங்கறது. முதல் வருஷம் ஒரு ஆபீஸ் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டுப் போவோம், சாவி எங்ககிட்ட. அப்ப நடு வாரத்துல யாருக்காவது அடிக்கணும்னு தோணுனா முடியாது, எங்களைக் கேட்டுத்தான் வாங்கணும். அப்ப அது யாரோட பறை? அதனால ஆளுக்கு ஒண்ணா வீட்டுக்குக் கொண்டு போகட்டும்னு சொன்னோம். எல்லாரும் தலையாட்டுனாங்க, ஆனா அடுத்த வாரமே மூணு பறை திரும்பி வந்திருச்சு. சாவு மேளத்தை வீட்டுக்குள்ள வெக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்களாம், அதுல காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணோட வீடும் ஒண்ணு. அவ சண்டை போடல, வெளித் திண்ணையில வெச்சுக்கறேன்னு கேட்டு மறுபடி எடுத்துட்டுப் போனா. திண்ணையில மிஸ்ட் பட்டு ஞாயித்துக்கிழமை வர்றப்ப தோலு நனைஞ்ச துணி மாதிரி தொங்கும், அம்மாயி அதைக் காய்ச்சறதுக்கு மட்டும் இருபது நிமிஷம் எடுப்பாங்க, திட்டிக்கிட்டே காய்ச்சுவாங்க. போன மழை சீசன்ல ஒரு வாரம் அந்தப் பொண்ணு கொண்டு வந்த பறையை அம்மாயி விரலால சுண்டிப் பாத்தாங்க, டிங்குனு கேட்டுச்சு, நெருப்பே வேணாம். என்னடி பண்ணேன்னு கேட்டதுக்கு, "நான் ஒண்ணும் பண்ணல அம்மாயி, எங்க பாட்டிதான் ஈரத்துல வீணாப் போகுதுன்னு அடுப்புக்கு மேல பரண்ல எடுத்து வெச்சுட்டாங்க"ன்னா.